‘ஏ’ வாங்கியவர் எல்லாம் நம்மவரா? அமெரிக்கத் துப்பாக்கி உரிமை வாக்காளர் போடும் கணக்கு: கேள்வி பதில்

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றியது. அதை முதல் அளவுகோலாக வைத்து ஓட்டுப் போடுகிறவர்கள், காங்கிரஸ் வேட்பாளர்களையும் மாநிலச் சட்டமன்ற வேட்பாளர்களையும் எப்படி எடைபோடுகிறார்கள் என்று வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி: எங்கள் தொகுதி பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) இரண்டு பேருக்கும் துப்பாக்கி உரிமை அமைப்பான என்.ஆர்.ஏ. ‘ஏ’ வகை மதிப்பெண்தான் கொடுத்திருக்கிறது. ஒருவருக்கு வெறும் ‘ஏ’, இன்னொருவருக்கு ‘ஏக்யூ’. இதில் என்ன வித்தியாசம் சார்?

‘க்யூ’ என்றால் கேள்வித்தாள். அவருக்கு இன்னும் வாக்குப்பதிவு வரலாறு கிடையாது. அனுப்பிய கேள்விகளுக்குச் சரியான பதில் எழுதினார், மதிப்பெண் வந்தது, அவ்வளவுதான். வெறும் ‘ஏ’ என்றால் அவையில் ஓட்டுப் போட்டுக் காட்டியவர். ‘ஏ பிளஸ்’ என்றால் ஓட்டுப் போட்டதோடு நிற்காமல் முன்னின்று வேலை பார்த்தவர். கேள்விக்குறி போட்டிருந்தால் கேள்வித்தாளைத் திருப்பி அனுப்பவே இல்லை என்று அர்த்தம். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அதை, கடைசி மதிப்பெண்ணான ‘எஃப்’-க்கு ஒரு படி மேலாக மட்டுமே எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. பதவியில் இருப்பவர் ஆதரவாக ஓட்டுப் போட்டிருந்தால், எதிர்த்து நிற்பவர் அவரைவிடத் தீவிரமாக இருந்தாலும் என்.ஆர்.ஏ. ஆதரவு பதவியில் இருப்பவருக்கே போகும். அது அவர்களே வெளிப்படையாகச் சொல்லும் கொள்கை. அதனால் பிரைமரியில் அந்த ஆதரவு முத்திரையை வைத்து இருவரையும் ஒப்பிட முடியாது. அதற்கு ‘கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ போன்ற கறாரான அமைப்புகளின் பட்டியலையும், உங்கள் மாநில அமைப்பின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி வந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றில் ‘ஏ’, இன்னொன்றில் ‘சி’ என்றால் எந்த ஓட்டால் அந்த வித்தியாசம் வந்தது என்று தேடுங்கள். உங்களுக்கு வேண்டிய விஷயம் அந்த ஓட்டில்தான் இருக்கும்.

கேள்வி: மதிப்பெண் மாறுமா?

தலைகீழாகவே மாறும். கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் நியூயார்க்கின் கிராமப்புறத் தொகுதி உறுப்பினராக இருந்தபோது ‘ஏ’. 2009-ல் செனட்டுக்கு நியமிக்கப்பட்டு மாநிலம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்ததும் அடுத்த தேர்தலில் ‘எஃப்’. தொகுதி மாறினால் ஆள் மாறுவார். மாநிலச் சட்டமன்றத்திலிருந்து செனட்டுக்குத் தாவ நினைப்பவரிடம் இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: வாக்குப்பதிவை நானே சரிபார்க்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? இறுதி ஓட்டெடுப்பைப் பார்த்தால் போதாதா அண்ணா?

போதாது. சில நேரம் இறுதி ஓட்டெடுப்பு நேர் எதிரான முடிவைத்தான் காட்டும்.

2004 மார்ச்சில் செனட்டில் நடந்ததைப் பாருங்கள். துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மீது குற்றச்செயல்களுக்காக வழக்குப் போடுவதைத் தடுக்கும் மசோதா அது. துப்பாக்கி உரிமைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. தாக்குதல் வகைத் துப்பாக்கித் தடையை நீட்டிக்கும் திருத்தம் 52-47 என்ற கணக்கில் அதன் மேல் ஒட்டிக்கொண்டது. உடனே என்.ஆர்.ஏ. ‘மசோதாவையே தோற்கடியுங்கள்’ என்றது. கொண்டுவந்த லாரி கிரெய்க் உட்பட 90 பேர் எதிர்த்தார்கள், ஆதரவு வெறும் 8. அடுத்த ஆண்டு அந்தத் தடைத் திருத்தம் ஒட்டாமல் 65-31-ல் நிறைவேறியது. 2004-ன் இறுதி ஓட்டை மட்டும் பார்க்கிறவருக்கு லாரி கிரெய்க் துப்பாக்கி எதிரி!

எனவே வரிசை இப்படி. காங்கிரஸ் இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டு ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியைத் திறங்கள். இறுதி ஓட்டுக்கு முன்னால் நடந்த திருத்த ஓட்டுகள், செனட்டில் விவாதத்தை முடிக்கும் ஓட்டு, கீழவையில் குழுவுக்குத் திருப்பி அனுப்பும் தீர்மானம் எல்லாம் எண்ணுடன் இருக்கும். ஒவ்வொன்றிலும் உங்கள் ஆளின் பெயரைப் பாருங்கள். பிறகு இணை முன்மொழிவோர் பட்டியல். அதில் தேதி இருக்கும். மசோதா அறிமுகமான அன்றே சேர்ந்தாரா, பிரைமரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சேர்ந்தாரா? கடைசியாக, ‘ஓட்டளிக்கவில்லை’ என்ற வரிசை. ஒருமுறை என்றால் உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். துப்பாக்கி மசோதா வரும்போதெல்லாம் உடம்பு சரியில்லை என்றால் நழுவுகிறார் என்று அர்த்தம்.

நீதிபதி நியமன ஓட்டுகளையும் விடாதீர்கள், செனட் வேட்பாளர் என்றால். 2005-ன் அந்த வழக்குத் தடைச் சட்டம் நிறைவேற உதவியவர் செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த ஹாரி ரீட். ஆனாலும் 2010 தேர்தலில் என்.ஆர்.ஏ. அவருக்கு ஆதரவு தரவில்லை. சோட்டோமேயர், கேகன் இருவரையும் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப ஓட்டுப் போட்டார் என்பது காரணம். ஆயுதம் வைத்திருப்பது தனிநபர் உரிமை என்ற 2008-ன் ஹெல்லர் தீர்ப்பு 5-4. ஒரு நீதிபதி மாறினால் என்ன ஆகும் என்று அவர்கள் பார்க்கிறார்கள்.

கேள்வி: டெக்சாஸில் இரு அவைகளும் குடியரசுக் கட்சி கையில். பிறகு ஏன் துப்பாக்கி மசோதாக்கள் சாகின்றன?

ஓட்டெடுப்புக்கே வராமல் சாகின்றன. டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாள்தான் கூடும். கீழவையில் ஒரு மசோதா பொருள் குழுவைத் தாண்டினாலும், எது எந்த நாளில் அவைக்கு வரும் என்று தீர்மானிக்கும் காலண்டர்ஸ் குழுவிடம் மாட்டிக்கொள்ளும். மே மாதக் கெடு தாண்டினால் கதை முடிந்தது. யாரும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, எல்லோருடைய மதிப்பெண்ணும் பத்திரம், மசோதா மட்டும் செத்துவிட்டது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சபாநாயகர் தேர்தலில் யாருக்கு ஆதரவு, காலண்டர்ஸ் குழுவில் இருக்கிறாரா என்று முதலில் கேட்பார்கள்.

மேலவையில் வேறு பூட்டு. 2021 தொடக்கத்தில் 31 பேரில் 19 பேர் சம்மதித்தால்தான் மசோதா அவைக்கு வரும் என்ற விதியை 18 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதிக்கும் எச்.பி. 1927 என்ற மசோதா மேலவையில் எத்தனைக்கு எத்தனையில் நிறைவேறியது தெரியுமா? 18-13. விதி மாறாமல் இருந்திருந்தால் 2021 செப்டம்பர் 1-ல் அந்தச் சட்டம் அமலுக்கு வந்திருக்காது. அவை விதிகளின் மீதான முதல் நாள் ஓட்டு எந்த மதிப்பெண் அட்டையிலும் பெரிதாகத் தெரியாது. எனக்கு அதுதான் பெரிய ஓட்டு.

குழு ஓட்டுக்கு எடுத்துக்காட்டு 2023. ஆலன் வணிக வளாகத்தில் 8 பேர் கொல்லப்பட்ட இரண்டு நாளில், சில செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களை வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தும் மசோதா குழுவில் 8-5-ல் தேறியது. இரண்டு குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள். மசோதா கெடுவைத் தாண்டவில்லை. ஆனால் அந்த இருவரில் ஒருவரான ஜஸ்டின் ஹாலண்ட் 2024 பிரைமரி ரன்ஆஃபில், அதாவது இரண்டாம் சுற்றில், தோற்றார். அதற்கு அந்த ஒரு ஓட்டுதான் காரணம் என்று சொல்வது மிகை. மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த கென் பாக்ஸ்டன் மீதான பதவிநீக்க ஓட்டும் தனியார் பள்ளி வவுச்சர் ஓட்டும் சேர்ந்தே அவரைக் கவிழ்த்தன.

கேள்வி: 2022 சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவர்களை ஏன் இன்னும் மன்னிக்கவில்லை? அதில் தடை எதுவும் இல்லையே.

டெக்சாஸின் ஊவால்டே பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வந்த கூட்டாட்சிச் சட்டம் அது. செனட்டில் 65-33, கீழவையில் 234-193. 21 வயதுக்குட்பட்டவர் வாங்கும்போது சிறார் பதிவுகளையும் பார்க்க 10 வேலை நாள் வரை அவகாசம், ஆபத்தானவர் என்று கருதப்படுபவரிடமிருந்து நீதிமன்ற ஆணையால் துப்பாக்கியை எடுக்கும் ரெட் ஃபிளாக் உள்ளிட்ட திட்டங்களுக்கு மாநிலங்களுக்குப் பணம் என்பவை எல்லோருக்கும் தெரிந்த பகுதிகள். உண்மையான சண்டை ஒரு வரையறையில். துப்பாக்கி விற்பனையைத் ‘தொழிலாகச் செய்பவர்’ யார் என்பதில், வாழ்வாதாரமும் லாபமும் முக்கிய நோக்கம் என்று இருந்ததை, பெரும்பாலும் லாபம் ஈட்ட என்று மாற்றினார்கள். 2024-ல் துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப். அந்தச் சொல்மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு, யாரெல்லாம் விற்பனை உரிமம் எடுக்க வேண்டும் என்பதை விரித்து விதி போட்டது. சட்டத்தில் நாலு சொல் மாறினாலும் போதும், மிச்சத்தை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பதே இவர்களின் குறை.

விலை என்ன என்றால், டெக்சாஸிலிருந்து காங்கிரஸ் கீழவைக்குப் போன குடியரசுக் கட்சிக்காரர் டோனி கொன்சாலஸைப் பாருங்கள். ஊவால்டே அவர் தொகுதியில் இருந்தது. சட்டத்தை ஆதரித்தார். 2023-ல் மாநிலக் கட்சி கண்டனத் தீர்மானம் போட்டது. 2024 ரன்ஆஃபில் அவர் ஜெயித்தாலும், துப்பாக்கி யூடியூபர் பிராண்டன் ஹெரேரா அவரை 500-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசம் வரை கொண்டுபோனார். பதிவான ஓட்டே சுமார் 30,000. துப்பாக்கி உரிமைக்காரர்களின் பலம் எங்கே வேலை செய்கிறது என்று கேட்டால் இங்கேதான். கூட்டம் குறைவான மே மாத ரன்ஆஃபில் ஒரு துப்பாக்கி சுடும் ரேஞ்சின் உறுப்பினர் பட்டியல்கூடக் கணக்கில் வரும். நவம்பர் பொதுத் தேர்தலில் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

கேள்வி: ஜனநாயகக் கட்சிக்காரர் துப்பாக்கிக்கு ஆதரவாக இருந்தால்?

இரண்டு கணக்கு உண்டு. முதல் கணக்கு, அவருடைய முதல் ஓட்டு தன் கட்சி சபாநாயகருக்குப் போகும், எந்த மசோதா அவைக்கு வரும் என்பதைச் சபாநாயகர் முடிவு செய்வார். ஆகவே அவருடைய ‘ஏ’ செல்லாது என்பார்கள். மேய்ன் மாநிலத்தின் ஜாரெட் கோல்டனையும் காட்டுவார்கள். 2022-ல் தாக்குதல் வகைத் துப்பாக்கித் தடை 217-213-ல் தேறியபோது எதிர்த்த ஐந்து ஜனநாயகக் கட்சியினரில் ஒருவர். 2023 அக்டோபரில் அதே மாநிலத்தின் லூயிஸ்டனில் 18 பேர் கொல்லப்பட்டதும் தடையை ஆதரிக்கிறேன் என்றார்.

இரண்டாவது கணக்கு வர்ஜீனியா. 2019 தேர்தலில் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி, ரெட் ஃபிளாக் எல்லாம் சட்டமாயின. ஆனால் எச்.பி. 961 என்ற தாக்குதல் வகைத் துப்பாக்கித் தடை மசோதாவை 2020 பிப்ரவரியில் மேலவை நீதிக் குழு 10-5-ல் ஓரங்கட்டியது. அந்தப் பத்தில் நான்கு பேர் ஜனநாயகக் கட்சியினர். எந்தக் கட்சி ஆள்வது உறுதியோ, அந்தக் கட்சிக்குள் நாலு மிதவாதி இருப்பது பெரிய விஷயம். ஆளுங்கட்சி யார் என்பதே உங்கள் தொகுதியில் தீர்மானமாகும் என்றால் முதல் கணக்கு, இல்லையென்றால் இரண்டாவது. என் கருத்து அது.

கேள்வி: டவுன் ஹாலில் வேட்பாளரிடம் என்ன கேட்பது? எல்லோரும் “நான் இரண்டாம் திருத்தத்தை ஆதரிக்கிறேன், நானும் வேட்டைக்காரன்தான்” என்கிறார்கள்.

‘ஆதரிக்கிறீர்களா’ என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். ஆம், இல்லை என்று மட்டும் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். தனிநபர் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை கட்டாயம் என்ற மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுவீர்களா? குண்டுகள் அடுக்கும் மேகசினின் கொள்ளளவுக்கு 10 அல்லது 15 என்று வரம்பு வந்தால்? எதிர்த்தரப்பை விசாரிக்காமலேயே துப்பாக்கியை எடுத்துக்கொள்ளும் ரெட் ஃபிளாக் ஆணையை? உங்கள் கட்சித் தலைமை மசோதாவை முடக்கினால், அதை வெளியே இழுக்கும் 218 கையெழுத்து மனுவில் உங்கள் பெயர் வருமா? கடைசிக் கேள்வியில்தான் பலர் தண்ணீர் குடிப்பார்கள். அந்த மனுவில் யார் கையெழுத்திட்டார்கள் என்பது பொதுவில் தெரியும்.

எதிரணியின் பட்டியலையும் பாருங்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கும் ‘எவ்ரிடவுன்’, ‘கிஃபர்ட்ஸ்’ அமைப்புகள் யாருக்கு ஆதரவு தருகின்றன என்பது இலவசமாகக் கிடைக்கும் தகவல்.

கேள்வி: 2025-ல் வந்த சட்டத்தால் சப்ரஸர் (துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் கருவி) வரி பூஜ்யமானது. அதை வெற்றி என்று மதிப்பெண் போடலாமா?

பாதி. 1934 முதல் இருந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்கும் குட்டைக் குழல் ரைஃபிளுக்கும் பூஜ்யம். பதிவு செய்யும் கட்டாயம் அப்படியே இருக்கிறது. பட்ஜெட் வழியில் போனால் செனட்டில் விவாதத்தை முடிக்கும் 60 ஓட்டு தேவையில்லை, ஆனால் வரி, செலவு சம்பந்தப்பட்டதைத்தான் சேர்க்கலாம். பதிவை நீக்குவது அந்த விதிக்குள் வராது என்று அவை விதி ஆலோசகர் சொல்லிவிட்டார். “பதிவையே ஒழிப்பேன்” என்கிற வேட்பாளரிடம் “60 ஓட்டுக்கு எங்கே போவீர்கள்?” என்று கேளுங்கள். கீழவையில் 2017-ல் 231-198-ல் தேறிய, மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி எடுத்துச் செல்லும் மசோதா செனட்டில் அப்படியே கிடந்து போனது.

கேள்வி: உறுப்பினரைப் பதவிக்காலத்துக்கு நடுவிலேயே ஓட்டுப் போட்டுத் திரும்பப் பெறுவது பலன் தருமா?

கொலராடோ 2013. 15 குண்டுக்கு மேல் மேகசின் கூடாது, தனிநபர் விற்பனைக்கும் சோதனை என்ற சட்டங்களுக்காக மாநில மேலவைத் தலைவர் ஜான் மோர்ஸையும் மேலவை உறுப்பினர் ஏஞ்சலா ஹிரோனையும் செப்டம்பரில் வாக்காளர்கள் இறக்கினார்கள். மோர்ஸ் தோற்றது 319 ஓட்டில். வழக்கமான தபால் ஓட்டு அந்தத் தேர்தலில் நடக்கவில்லை, நேரில் வந்தவர் கைதான் ஓங்கியது. 2014 நவம்பரில் இரண்டு இடங்களையும் ஜனநாயகக் கட்சி திரும்பப் பிடித்தது. மேகசின் வரம்பு இன்றும் இருக்கிறது.

கேள்வி: கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். ஓட்டு உண்டா?

கிடையாது. கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம், ஆனால் காங்கிரஸ் தேர்தலில் ஓட்டுப் போட்டால் அது குற்றம், குடியுரிமை வாய்ப்பும் போகும். எச்1பி விசாவில் இருப்பவருக்குத் துப்பாக்கியும் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: டெக்சாஸில் கட்சியில் பதிவு செய்யாமல் பிரைமரியில் போடலாமா?

போடலாம். அங்கே கட்சிவாரிப் பதிவே கிடையாது. மார்ச்சில் எந்தக் கட்சியின் சீட்டை வாங்குகிறீர்களோ அதே கட்சியின் ரன்ஆஃபில்தான் மே மாதம் போட முடியும். மார்ச்சில் போகாதவர் மே மாதம் எதற்கு வேண்டுமானாலும் போகலாம்.