லிபர்டாட் வெள்ளிக் காசில் விலை ஏன் இல்லை?

கேள்வி: அமெரிக்காவின் ஈகிள், கனடாவின் மேப்பிள் லீஃப் என்ற வெள்ளிக் காசுகள் இரண்டிலும் டாலர் மதிப்பு போட்டிருக்கிறது. மெக்சிகோவின் லிபர்டாடில் மட்டும் ஒன்றுமே இல்லையே, அது காசுதானா?

பதில்: காசுதான், சந்தேகமே வேண்டாம். ஈகிளில் ஒரு டாலர், மேப்பிள் லீஃபில் ஐந்து டாலர் என்று இருந்தாலும் அந்த விலைக்கு யாரும் தரப்போவதில்லை, உள்ளே இருக்கும் ஒரு அவுன்ஸ் வெள்ளி அதைவிடப் பல மடங்கு பெறும். மெக்சிகோ அந்தச் சம்பிரதாயத்தையே விட்டுவிட்டது. மெக்சிகோவின் பணமான பெசோ மதிப்பில் படுவேகமாகச் சரிந்த 1982-ல்தான் முதல் லிபர்டாட் வந்தது. எடை, 999 தரம் (ஆயிரத்தில் 999 பங்கு சுத்த வெள்ளி), வருடம், இவ்வளவுதான் அதில் இருக்கும். வெள்ளி விலையை வைத்து அந்த நாட்டு மத்திய வங்கி மதிப்பை அறிவிக்கிறது. எனக்கு இதுதான் நேர்மையான முறையாகப் படுகிறது.

கேள்வி: அதில் இறக்கையோடு இருக்கும் பெண் யார்?

பதில்: வெற்றித் தேவதை. விடுதலைப் போர் தொடங்கி நூறு ஆண்டு ஆனதற்காக 1910-ல் மெக்சிகோ நகரின் ரெஃபோர்மா சாலையில் ஒரு தூண் எழுப்பினார்கள், அதன் உச்சியில் நிற்கும் சிலைதான் இது. ஒரு கையில் வெற்றி வளையம், மறு கையில் அறுந்த சங்கிலி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தச் சங்கிலிக் கண்ணிகள் தெரியும், அவசியம் பாருங்கள், ஸ்பெயின் ஆட்சியிலிருந்து விடுபட்ட கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. 1957 நிலநடுக்கத்தில் அந்தச் சிலை கீழே விழுந்து உடைந்தது, சரிசெய்து மறுபடி ஏற்றிவிட்டார்கள். பின்னால் தெரியும் மலைகள் போபோகாடெபெட்டில், இஸ்டாக்சிவாட்டில் எரிமலைகள். இதே காட்சி 1921-ல் வந்த 50 பெசோ தங்கக் காசிலேயே உண்டு. 1995 வரை தேவதை நேராகப் பார்ப்பாள், 1996-லிருந்து சற்றே திரும்பி நிற்கிறாள், காசும் 36 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. பழையதா புதியதா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

மறுபக்கம் கள்ளிச்செடி மேல் உட்கார்ந்து பாம்பைக் கொத்தும் கழுகு. இந்தக் காட்சியை எங்கே பார்க்கிறீர்களோ அங்கே ஊர் கட்டுங்கள் என்று மெஷிகா (அஸ்டெக்) மக்களுக்குத் தெய்வம் சொன்னதாம், அப்படி ஏரித் தீவில் எழுந்த தெனோச்திட்லான் மேல்தான் இன்றைய மெக்சிகோ நகரம் நிற்கிறது.

கேள்வி: காசு கறுத்துவிட்டது. பாலிஷ் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். விபூதி, பற்பசை, துணி எதுவுமே கூடாது. தேய்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய கீறல் விழும், சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், காசு பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் உறையில் இருந்தால் அந்த உறையை மட்டும் உடனே மாற்றுங்கள்.