சிலந்தி கடல் கடந்த கதை: அனான்சி பற்றிய கேள்வி பதில்

கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் வாழும் ஆப்பிரிக்க வழி மக்களின் கதைகளை, முக்கியமாக அனான்சி என்ற தந்திரக்காரச் சிலந்தியின் கதைகளை, குழந்தைகளுக்குச் சொல்வது பற்றி வந்த கேள்விகளில் சில.

அக்கா, என் மகனுக்கு ஆறு வயது. அனான்சி கதைகளில் எதை முதலில் சொல்லலாம்?

குளவி கதை. மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவின் அகான் மக்கள் பேச்சில் அனான்சே என்றாலே சிலந்திதான், அதுதான் அனான்சி ஆனது. உலகத்துக் கதைகள் எல்லாம் வான தெய்வம் நியாமேயிடம் இருந்த காலத்தில் அனான்சி போய் விலை கேட்கிறான், மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், மாயக் குள்ளப் பிறவி இத்தனையையும் பிடித்து வா என்று பதில் வருகிறது. அவன் குளவிக் கூட்டின் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தன் தலையில் ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ மழை, என் சுரைக்குடுக்கைக்குள் வந்துவிடுங்கள்" என்கிறான். குளவிகள் உள்ளே போனதும் வாயை அடைத்துவிடுகிறான். தண்ணீர் கொட்டுவதைக் கையால் செய்து காட்டுங்கள், மறுநாள் உங்கள் பையனே இதைச் சொல்லிக்காட்டுவான்.

அவன் ஏமாற்றுக்காரன்தானே? கெட்ட பழக்கம் வராதா?

ஏமாற்றுக்காரன்தான், அதை மழுப்ப வேண்டாம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கரீபியன் தீவான ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமையாக உழைத்தவர்களுக்கு, பலமில்லாத ஒரு சின்னப் பூச்சி புலியை மடக்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அதே அனான்சி பேராசைப்பட்டு மாட்டிக்கொள்கிற கதைகளும் நிறைய இருக்கின்றன, இரண்டு வகையும் சொல்லுங்கள். ஜமைக்காவில் கதை முடிந்ததும் "ஜாக் மந்தோரா, மீ நோ சூஸ் நன்" என்பார்கள், அதாவது கதையில் வருகிற எதற்கும் சொல்கிறவர் பொறுப்பில்லை. மிஸ் லூ என்று எல்லோரும் அழைத்த லூயிஸ் பென்னட் இந்தக் கதைகளை ஜமைக்கா மக்களின் பேச்சுமொழியிலேயே மேடையில் சொன்னவர். 1970 முதல் 1982 வரை தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கென்றே நிகழ்ச்சி நடத்தினார். அந்தப் பேச்சு மட்டம் என்று ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது.

அடிமை முறையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா?

ஆறு வயதில் "இவர்களைப் பிடித்துக் கப்பலில் கொண்டுபோனார்கள், கதைகளும் கூடவே போயின" என்பது போதும். பத்து வயதுக்கு மேல் பறக்கும் மனிதர்கள் கதைக்கு வாருங்கள். 1803-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் செயின்ட் சைமன்ஸ் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட, மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இக்போ மக்கள் கப்பலில் எதிர்த்தெழுந்து, அடிமையாவதைவிடச் சாவது மேல் என்று தண்ணீருக்குள் நடந்து போனார்கள். ஆனால் அந்தக் கரையோரத்து மக்கள் சொல்லும் கதையில் அவர்கள் சிறகடித்து ஆப்பிரிக்காவுக்கே திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் நடந்தது, கதையில் நடப்பது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள்.

தமிழில் சொல்லும்போது அனான்சிக்கு நம் ஊர்ப் பெயர் வைத்தால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். கப்பலேறியவர்களின் சொந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள், இந்தச் சிலந்தியின் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. கரீபியனில் உள்ள குராசாவ் தீவில் நான்சி, அமெரிக்கத் தெற்கில் சில இடங்களில் 'நான்சி அத்தை' என்று ஆகியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் முப்பது பிள்ளைகள், பாதிக் கதையில் கவனம் சிதறுகிறது. என்ன செய்யலாம்?

ஹைட்டியில் சொல்கிறவர் "கிரிக்?" என்று கேட்பார், கூட்டம் "கிராக்!" என்று கத்தினால்தான் கதை தொடங்கும். பிள்ளைகள் தளரும்போதெல்லாம் நீங்களும் ஒரு "கிரிக்?" போடுங்கள்.