அத்தாவோட டப்பால சதுரக் காசு, லட்சம் போகுமா?

இந்தத் தடவை வந்த லெட்டர் முக்கால்வாசி கடல் தாண்டி வந்த காசு பத்தித்தான். நம்ம டெல்டால பரணை ஒழிச்சா ஒரு வீட்டுல மலாயா, அடுத்த வீட்டுல சிலோன், காரைக்கால் பக்கம் போனா பிரெஞ்சுக்காரங்க ஆண்ட வியட்நாமோட சைகோன்.

கேள்வி (கூத்தாநல்லூர் வாசகி): எங்க அத்தா பினாங்குல கடை வச்சிருந்தாங்க, ரஜூலா கப்பல்லதான் வந்து போவாங்க. அவங்க மவுத்தானப்புறம் அலமாரியை ஒழிச்சா ஒரு பிஸ்கட் டப்பா நிறைய காசு. அதுல சதுரமா செப்புக் காசு மட்டும் நாப்பதுக்கு மேல இருக்கு. யூட்யூப்ல ஒருத்தர் ஒண்ணு மூணு லட்சம்ங்கறார், நிஜமா சார்? கழுவி வைக்கலாமா?

பதில்: மூணு லட்சம் இல்லம்மா, சாதாரண கண்டிஷன்ல இருந்தா ஒண்ணு வித்த காசுல வீட்டோட உக்காந்து டீயும் வடையும் சாப்பிடலாம், அவ்வளவுதான். முனை மழுங்கின அந்த சதுரம் மலாயா ஒரு சென்ட், ஆறாம் ஜார்ஜ் தலை போட்டு 1939லேர்ந்து 1945 வரைக்கும் வந்தது, கோடிக்கணக்குல அடிச்சுத் தள்ளினதால கடல் தாண்டிப் பிழைக்கப் போன நம்ம சபுராளிங்க வீட்டுல எல்லாம் கிடக்கு. ஆனா ஒவ்வொண்ணா திருப்பிப் பாருங்க, அதே சதுரத்துல ஐந்தாம் ஜார்ஜ் தலையோட ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்னு (பினாங்கு, சிங்கப்பூரெல்லாம் சேந்த அந்தக் கால பிரிட்டிஷ் பகுதி) எழுதியிருந்தா அது 1919லேர்ந்து 1926 வரைக்கும் உள்ளது, அதை தனியா எடுத்து வைங்க.

நீங்க எழுதாம விட்டதுதான் எனக்கு முக்கியம். அதே டப்பால வட்டமா வெள்ளையா 10 சென்ட், 20 சென்ட் இருக்கணுமே? அதுல வருஷத்தைப் பாருங்க. 1939, 1941ன்னா முக்கால் பங்கு வெள்ளி, 1943, 1945ன்னா பாதி வெள்ளி, 1948லேர்ந்து வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். அதே ராஜா தலைங்கறதால எல்லாத்தையும் வெள்ளின்னு நெனச்சுக்கிட்டு பத்தர் கடைக்கு தூக்கிட்டுப் போறவங்க நிறைய.

"வாங்கிக்கறோம், முதல்ல கமிஷனும் வரியும் கட்டுங்க"ன்னு போன் வந்தா வச்சிடுங்க. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே இப்படி ஏமாத்தறாங்கன்னு அந்த வங்கியே 2021ல எச்சரிக்கை விட்டுச்சு.

கழுவறதா? தொடவே தொடாதீங்க. நான் ஸ்கூல் படிக்கறப்ப என்கிட்ட பனைமரம் போட்ட சிலோன் சதம் எட்டு இருந்துச்சு, தமிழ்லயும் மதிப்பு எழுதியிருக்கும், காபிக்கொட்டை நிறத்துல அவ்வளவு அழகு. ஆயுத பூஜைக்கு குத்துவிளக்கு தேய்ச்ச அம்மா, "பையன் காசு கறுத்துப் போச்சே"ன்னு பாசமா அதையும் சேத்து புளி போட்டு வெளக்கி வச்சிட்டாங்க. பாக்க தங்கம் மாதிரி மின்னுச்சு, லென்ஸ் வச்சுப் பாத்தா வெளக்குமாறு போட்டுப் பெருக்கின மண் வாசல் மாதிரி கோடு கோடா கீறல். இன்னிக்கு வரைக்கும் அந்த எட்டையும் யாரும் வாங்கல, நானும் அம்மாகிட்ட சொல்லல. மண்ணு ஒட்டியிருந்தா டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு நாள் ஊற வச்சு, தேய்க்காம பருத்தித் துணியில ஒத்தி எடுங்க, போதும். கொழகொழன்னு இருக்கற மெத்து பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு ரெண்டே மழைக்காலத்துல பச்சையா பிசுபிசுன்னு ஆயிடும்.

கேள்வி (காரைக்கால் வாசகர்): தாத்தா சைகோன்லேர்ந்து கொண்டு வந்த பியாஸ்தர் மூணு இருக்கு, பெரிய வெள்ளிக் காசு, 1907, 1908னு வருஷம். அசலான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பதில்: இது எவ்வளவு சௌகரியமான காசு தெரியுமா, தன்னோட எடையை தன் மேலயே எழுதி வச்சிருக்கு. பின்பக்கம் அடியில பொடி எழுத்துல 0,900ன்னும் (அதாவது ஆயிரத்துல 900 பங்கு வெள்ளி) 27 கிராம்னும் பிரெஞ்சுல இருக்கும், பிரெஞ்சுக்காரங்க புள்ளிக்கு பதிலா கமா போடுவாங்க, அதை அச்சுப்பிழைன்னு நெனச்சுடாதீங்க. நேரா நகைக்கடை டிஜிட்டல் தராசுல வைங்க. தேய்மானம் போக 26 சொச்சத்துக்கு மேல காட்டினா நம்பிக்கையோட அடுத்த சோதனைக்குப் போகலாம், காந்தம் ஒட்டக்கூடாது, விளிம்புல வரி வரியா ஒழுங்கா இருக்கணும், முகம் சோப்பு கரைஞ்ச மாதிரி மொழுமொழுன்னோ குட்டிக்குட்டி குழியாவோ இருந்தா அது அச்சுல அடிச்சதில்ல, வார்த்தது. நானே ஒரு சந்தையில ஒண்ணு வாங்கினேன், விக்கறவர் சீட்டுக்கட்டு மாதிரி கையில தட்டிக் காமிச்சு "சத்தம் கேளுங்க அண்ணே"ன்னார், சத்தத்தை மட்டும் கேட்டுட்டு பணத்தைக் கொடுத்துட்டேன், வீட்டுக்கு வந்து வச்சா 21 கிராம் கூட தேறல!

அசலா இருந்தா கணக்கு சுலபம், 27ஐ 0.900ஆல பெருக்கினா 24.3 கிராம் சுத்த வெள்ளி, அன்னிக்கு வெள்ளி விலையால பெருக்குங்க, அதுதான் தரை. நீங்க சொல்ற ரெண்டு வருஷமும் நிறைய அடிச்சதுங்கறதால தரையிலேர்ந்து ரொம்ப உசரம் போகாது, ஆனா தரைக்குக் கீழ யாருக்கும் குடுக்காதீங்க. காசு மேல சீன எழுத்துல சின்னச் சின்ன முத்திரை குத்தியிருந்தா பயப்பட வேண்டாம், அது வியாபாரிங்க "பாத்தாச்சு, நல்ல வெள்ளி"ன்னு குத்தினது, அதைத் தேடி வாங்கறவங்களும் இருக்காங்க. எத்தனையோ பியாஸ்தர் உருகி கொலுசா போயிடுச்சு, உங்க தாத்தா மூணை விட்டு வச்சிருக்கார்.

கேள்வி (முத்துப்பேட்டை வாசகர்): அரபி எண்ல 1327ன்னு போட்ட காசு. எழுநூறு வருஷம் பழசா?

பதில்: அது ஹிஜ்ரி வருஷம் பாய், இஸ்லாமிய காலண்டர் கணக்கு. 0.97ஆல பெருக்கி 622 கூட்டுங்க, 1909 வரும். துருக்கி சுல்தான் காசா இருந்தா அது பட்டத்துக்கு வந்த வருஷம்தான், கூடவே வேற ஒரு சின்ன எண் இருக்கும், அது ஆட்சியில எத்தனாவது வருஷம்னு, அதையும் சேத்தாத்தான் காசு அடிச்ச வருஷம் கிடைக்கும்.

கேள்வி (தரங்கம்பாடி வாசகர்): கிரீடமும் பின்னின எழுத்தும் போட்ட சின்ன செப்புக் காசு இருக்கு. டென்மார்க்ல ஒருத்தர் கேக்கறார், கூரியர்ல அனுப்பலாமா?

பதில்: கூடாது. 1620ல வந்த டேனிஷ்காரங்க 1845ல ஊரையே, வங்காளத்து செராம்பூரையும் சேத்து, பன்னண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்துட்டுப் போனாங்க, அதுக்கு முன்னாடி அவங்க ராஜாவோட எழுத்தைப் பின்னி அடிச்ச காசு கணக்குல சேரும் போல, போட்டோ அனுப்புங்க பாக்கலாம். எப்படியும் நூறு வருஷம் தாண்டின காசு 1972 தொல்பொருள் சட்டத்துல வந்துடும், நாமளா வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கொல்லையில குழி தோண்டறப்ப கிடைச்சதுன்னா அது வேற கதை, 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டர்கிட்ட சொல்லணும். தாத்தா பெட்டியில இருந்ததுக்கு இது கிடையாது.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): அரிசியை இழுக்கற சக்தி இருக்குன்னு சொல்லி ஒரு காசை விக்கறாங்களே...

பதில்: இழுக்கறது அரிசியை இல்ல சார், உங்க சேமிப்பை. 1818ன்னு போட்டு ராமர் பட்டாபிஷேகம் இருக்கற கம்பெனி காசும் அதே ஏமாத்து ரகம், அப்படி ஒண்ணை கம்பெனி அடிக்கவே இல்ல.

கேள்வி (கும்பகோணம் வாசகி): அப்பா சேத்த வெளிநாட்டுக் காசு ஒரு ட்ரங்குப் பெட்டி. அண்ணன், நான், தம்பி மூணு பேரும் சண்டை இல்லாம எப்படிப் பிரிச்சுக்கறது?

பதில்: முதல்ல யாரும் எதையும் விக்காதீங்க, மூணு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமை கூடத்துல பாயை விரிச்சு நாடு நாடா பிரிங்க. அப்பா கைப்பட எழுதின துண்டுச் சீட்டு, பழைய கவர் எதையும் தூக்கிப் போடாதீங்க, எங்க வாங்கினார்னு தெரிஞ்ச காசுக்கு வாங்கறவன் கொஞ்சம் கூடவே குடுப்பான். வெள்ளியை மட்டும் எடை போட்டு சமமா பங்கு வைங்க. மத்ததை தம்பியில ஆரம்பிச்சு ஆளுக்கு ஒண்ணா சுத்திச் சுத்தி எடுத்துக்குங்க, கடைசியில யாரும் எடுக்காம மிஞ்சற மலாயா சதுரக் காசை பசங்களுக்குப் பல்லாங்குழி ஆடக் குடுத்துடுங்க.