'மனசு சரியில்ல' என்பதை எப்படி அளப்பது? ஆய்வு மாணவர்கள் கேட்டவை

உளவியலில் ஆய்வேடு எழுதுகிற மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

முதுகலை மாணவி, கோவை: மேடம், வினாநிரல் (எழுதிக் கொடுக்கும் கேள்விப் படிவம்) கொடுத்தால் சீக்கிரம் வேலை முடியும் என்கிறார்கள். நேர்காணல் அவசியமா?

எத்தனை பேர், எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் வினாநிரல். எப்படி, ஏன் என்றால் நேர்காணல். சீக்கிரம் முடியும் என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

இரண்டிலுமே நமக்குக் கிடைப்பது வாயால் சொல்வதுதான். 1930களின் தொடக்கத்தில் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியுடன் காரில் நாட்டைச் சுற்றினார். 251 விடுதிகள், உணவகங்களில் ஒரே ஓர் இடத்தில்தான் 'இடமில்லை' என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, 'சீனர்களை அனுமதிப்பீர்களா?' என்று வினாநிரல் அனுப்பினார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் 'மாட்டோம்' என்றார்கள்! சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. ஆனால் பதில் எழுதியவரும் அன்று சோறு போட்டவரும் ஒரே ஆள்தானா என்றும் கேட்க வேண்டும். உங்கள் ஆய்வில் அப்படி எங்கே ஓட்டை இருக்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள். வைவாவில், அதாவது ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், கேட்பார்கள்.

ஆய்வு மாணவர், திருநெல்வேலி: ஆங்கில அளவுகோலை (மனநிலையை மதிப்பெண்ணாக்கும் வினாநிரலை) நானே தமிழாக்கிக்கொள்ளலாமா?

முதலில், ஏற்கெனவே தமிழில் சோதித்த வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஒருவர் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். 1970இல் பிரிஸ்லின் என்ற உளவியலாளர் எழுதியதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. இரண்டு ஆங்கிலமும் எங்கே முட்டுகிறதோ அங்கேதான் சிக்கல்.

எனக்கு அதுவும் போதாது. 'மனச்சோர்வாக உணர்கிறீர்களா?' என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "சோர்வெல்லாம் இல்லம்மா, நெஞ்சுதான் பாரமா கெடக்கு" என்றார். படிவத்தில் அவர் பதில் 'இல்லை'! ஜிம்பாப்வேயில் இதைச் சரியாகச் செய்தார்கள். ஷோனா மக்கள் தங்கள் துயரத்தைச் சொல்லும் 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது, போன்ற சொற்களிலிருந்தே 14 கேள்விகள் கொண்ட வினாநிரலை 1990களில் உருவாக்கினார்கள். நீங்களும் பத்துப் பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே மாலையில் பாதி வாக்கியங்கள் மாறிவிடும்.

எம்.ஃபில். மாணவி, மதுரை: க்ரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.41தான் வருகிறது. கேள்விகளை நீக்கிவிடலாமா?

எதிர்மறைக் கேள்விகளுக்கு, அதாவது மற்றவற்றுக்கு நேரெதிராகக் கேட்பவற்றுக்கு, மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டீர்களா? அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் நீக்குவதைப் பேசலாம்.

பெயர் வேண்டாம் என்றவர், சேலம்: நேர்காணலில் 'ஆமா', 'இல்ல' என்றே சொல்கிறார்கள்.

கேள்வியை அப்படிக் கேட்டால் அப்படித்தான் வரும். 'மாமியாரோடு பிரச்சினை உண்டா?' என்பதை விட்டுவிட்டு, 'கடைசியாக வீட்டில் வருத்தப்பட்ட நாளைச் சொல்லுங்களேன்' என்று தொடங்குங்கள். சொல்லி முடித்ததும் சற்று சும்மா இருங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகுதான் விஷயம் வரும். ஆரம்பத்தில் நான் ஒரு மருமகளிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லாமே 'நல்லா இருக்கேங்க'தான். கிளம்பும்போதுதான் கவனித்தேன், கதவுக்குப் பின்னால் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

நம் சொல்லும் பதிலை இழுக்கும். 1974இல் லாஃப்டஸ், பாமர் என்ற இரு உளவியலாளர்கள் விபத்துப் படம் காட்டி, கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'தொட்டபோது' என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். முதல் குழு சொன்ன சராசரி மணிக்கு 40.5 மைல், மற்றது 31.8. படம் ஒன்றுதான்.

முதுகலை மாணவர், சென்னை: பிஎச்க்யூ-9 அளவுகோலைக் (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள்) கூகுள் ஃபார்மில் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். அதன் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ எண்ணம் வந்ததா என்பது. பெயரில்லாத படிவத்தில் ஒருவர் 'தினமும்' என்று குறித்தால் அவரை எங்கே போய்த் தேடுவீர்கள்? நேரில் கொடுங்கள், அன்றே வாங்கிப் பாருங்கள். யாரிடம் அழைத்துப்போவது என்பதை முதல் படிவத்துக்கு முன்பே உங்கள் நெறியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416 எல்லாப் படிவத்தின் அடியிலும் இருக்கட்டும்.