டெம்பே உறையில் ‘பல மடங்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட்’: நம்பி வாங்கலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கடையில் ‘டெம்பே’ என்னும் சோயாக் கட்டியை வாங்கினேன். உறையில் ‘சாதாரண சோயாவைவிடப் பல மடங்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிரித்தால் கட்டி முழுவதும் வெள்ளைப் பூஞ்சை, ஓரத்தில் கரும்புள்ளிகள். இது கெட்டுப்போன பண்டமா? விளம்பரம் உண்மையா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: வெள்ளைப் பூஞ்சை இல்லையென்றால் அது டெம்பேயே அல்ல. ஜாவாத் தீவில் தோன்றிய இப்பண்டத்திற்கு, ஊறவைத்துத் தோல் நீக்கி வேகவைத்த சோயாவில் ரைசோபஸ் என்னும் பூஞ்சையின் வித்துகளைக் கலந்து, சுமார் 30 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு நாள் வைப்பார்கள். உறையின் காற்றுத் துளைகளை ஒட்டிய கரும்புள்ளிகள் அப்பூஞ்சையின் வித்துகளே. அவற்றால் கெடுதல் இல்லை. இளஞ்சிவப்பு, பச்சை நிறத் திட்டுகளோ பிசுபிசுப்போ கடுமையான அமோனியா நெடியோ இருந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள்.

விளம்பரத்தில் பாதி உண்மை இருக்கிறது. சோயாவில் உள்ள ஆன்டி-ஆக்ஸிடன்ட் சேர்மங்களான ஐசோஃபிளேவோன்கள் பெரும்பாலும் சர்க்கரையுடன் பிணைந்தே இருக்கின்றன. பூஞ்சை சுரக்கும் பீட்டா-குளுக்கோசிடேஸ் நொதி அப்பிணைப்பை அறுக்கும்போது டெய்ட்ஸீன், ஜெனிஸ்டீன் ஆகிய ஐசோஃபிளேவோன்கள் விடுபடுகின்றன, பருப்பின் செல்சுவரில் சிக்கியிருந்த, ஆன்டி-ஆக்ஸிடன்ட் தன்மையுள்ள ஃபீனால்களிலும் ஒரு பகுதி வெளிவருகிறது. ஆனால் ஊறவைத்த நீரோடும் உரித்த தோலோடும் ஃபீனால்கள் கணிசமாகப் போய்விடுவதால், ‘பல மடங்கு’ என்பது பச்சைச் சோயாவோடு ஒப்பிட்டதா, வேகவைத்ததோடு ஒப்பிட்டதா என்று சொல்லாதவரை அதற்கு மதிப்பில்லை. மேலும், இத்தகைய அளவீடுகளில் பெரும்பாலானவை, டிபிபிஹெச் என்ற வேதிப்பொருளின் ஊதாக் கரைசல் ஆன்டி-ஆக்ஸிடன்ட் பட்டு எவ்வளவு மங்குகிறது என்று சோதனைக் குழாயில் பார்ப்பவை. உண்டபின் உடலுக்குள் என்ன நடக்கும் என்பதை அவை காட்டுவதில்லை.

ஆகவே, இந்த ஒரு வாசகத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பதே என் கருத்து. ஆன்டி-ஆக்ஸிடன்ட்தான் நோக்கமென்றால் லீ பஜாரில் கொள்ளும், தோலுடன் கூடிய கறுப்பு உளுந்தும் வாங்கிக்கொள்ளலாம். புரதத்துக்காகவும் சுவைக்காகவும் டெம்பே வாங்குவது வேறு விஷயம். தாதுக்களைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலத்தைப் பூஞ்சை குறைப்பதால் இரும்பும் துத்தநாகமும் எளிதில் உடலில் சேரும் என்பதும் அதன் பக்கம் நிற்கும் நியாயமே.

வாங்கும்போது தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவற்றைப் பாருங்கள். கடையில் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்திருந்தால் வாங்காதீர்கள். சேலத்து வெயிலில் பூஞ்சை ஓயாமல் வளர்ந்து கட்டி தானாகவே சூடேறும். வீட்டிலும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, நன்றாகச் சமைத்த பின்பே உண்ணுங்கள். உறையிலுள்ள ‘பல மடங்கு’ என்ற கூற்றுக்கு ஆதாரம் கேட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்; பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யலாம்.