செகண்ட் ஹேண்ட் போனில் ரூட்: பேங்க் ஆப் திறக்க என்ன செய்வது?

கேள்வி: ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போட்டிருக்கிறோம். மண்டிப் பணம் போனில்தான் வருகிறது. என் மகன் பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் ஒரு ரெட்மி வாங்கித் தந்தான். பேங்க் ஆப்பைத் திறந்தால் போன் ரூட் செய்யப்பட்டிருப்பதாகச் சொல்லி மூடிக்கொள்கிறது. ஃபேக்டரி ரீசெட் போட்டும் அப்படியேதான். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு கடையில், ஆப்புக்குத் தெரியாமல் மறைத்துத் தருகிறோம் என்கிறார்கள். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம், அம்மா. ரூட் என்பது போனின் சாஃப்ட்வேரில் எதையும் மாற்றும் முழு அதிகாரத்தைத் திறந்துவிடுவது; முழுக்க சாஃப்ட்வேர் சமாச்சாரம். அதற்காகப் போர்டை மாற்றத் தேவையில்லை. மறைப்பது அதைவிட மோசம். ரூட் இருக்கும் போனில் அனுமதி பெற்ற ஓர் ஆப், மற்ற ஆப்களின் தகவலுக்குள்ளும் கை வைக்க முடியும். உங்கள் போனை ரூட் செய்தது யார், உள்ளே எதை விட்டுப் போனார் என்று உங்களுக்குத் தெரியாது. மறைத்தால் பேங்க் ஆப்தான் ஏமாறும்; ஓட்டை அப்படியே இருக்கும். அதற்குள் மண்டிப் பணத்தைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

ரீசெட் ஏன் பலிக்கவில்லை? அது உங்கள் ஆப், போட்டோ எல்லாம் இருக்கும் பகுதியை மட்டுமே துடைக்கும். இப்போது பலரும் ரூட் செய்யப் பயன்படுத்தும் மேஜிஸ்க், போன் ஆன் ஆகும்போதே ஓடத் தொடங்கும் பூட் பகுதியில் உட்கார்ந்திருக்கும். ரீசெட் அந்தப் பக்கமே போகாது. ஆப் பட்டியலில் ‘செட்டிங்ஸ்’ என்று இரண்டு இருக்கிறதா பாருங்கள். மேஜிஸ்க் தன்னை மறைத்துக்கொள்ளும்போது வழக்கமாக வைத்துக்கொள்ளும் பெயர் அதுதான். போன் ஆன் ஆகும்போது லோகோவோடு திறந்த பூட்டுப் படம் தெரிந்தால், பூட்லோடரும், அதாவது ஆன் ஆகும்போது எந்த சாஃப்ட்வேர் ஓடலாம் என்று பார்க்கும் காவலும், திறந்தே கிடக்கிறது.

தானே ரூட் செய்தவர் என்றால் மேஜிஸ்க் ஆப்பில் ‘அன்இன்ஸ்டால்’ போய், ‘கம்ப்ளீட் அன்இன்ஸ்டால்’ கொடுத்தால் ரூட் போய்விடும். உங்களுக்கு அது போதாது. பூட்லோடர் திறந்திருப்பதையும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை வழியாகப் பல பேங்க் ஆப்கள் கண்டுபிடித்துவிடும். அதோடு, முன்பு வைத்திருந்தவர் உள்ளே வேறு எதையாவது மாற்றியிருக்கலாம். ஆகவே கம்பெனி சாஃப்ட்வேரை முழுதாக ஏற்றி, பிறகு பூட்லோடரைப் பூட்டுவதுதான் சரியான வழி.

அதற்கு முன்னால் ஒரு வேலை. *#06# அழுத்தினால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். போன் பிளாக் செய்யப்பட்டதா என்று பதில் வரும். விற்ற கடைக்காரரிடம், முந்தைய உரிமையாளரின் மி அக்கவுண்ட் (ரெட்மி கம்பெனியின் அக்கவுண்ட்) நீக்கப்பட்டதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். சில போன்களில் அந்த அக்கவுண்ட் போடும் பூட்டைத் தாண்டுவதற்கே சாஃப்ட்வேரில் கை வைத்திருப்பார்கள். ஒரிஜினல் சாஃப்ட்வேர் ஏறியதும் பழைய அக்கவுண்டின் பாஸ்வேர்டு கேட்டு போன் நின்றுவிடும். இந்த இரண்டில் ஒன்று இடித்தாலும் போனைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

இடிக்கவில்லை என்றால், போட்டோக்களையும் வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்; பூட்லோடரைப் பூட்டும்போது போனில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். இதைக் கம்ப்யூட்டரில் மி ஃப்ளாஷ் என்ற கருவியால் செய்வார்கள். உங்கள் மாடலுக்கே உரிய ஃபாஸ்ட்பூட் ஃபைல் (கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றும் முழு சாஃப்ட்வேர்) வேண்டும். இந்தியாவில் விற்ற போன் என்றால் இந்திய பதிப்பு. இப்போது இருப்பதைவிடப் பழைய பதிப்பு கூடாது.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: மி ஃப்ளாஷின் அடியில் மூன்று தேர்வுகள் இருக்கும். ‘கிளீன் ஆல் அண்ட் லாக்’ என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். முதல் தடவை அதை விடாதீர்கள். ‘கிளீன் ஆல்’ மட்டும் போடச் சொல்லுங்கள். போன் ஒழுங்காக ஆன் ஆகிறதா, சிம் எடுக்கிறதா, மாடலும் பதிப்பும் சரியா என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும். தவறான ஃபைலை ஏற்றிப் பூட்டிவிட்டால் போன் ஆன் ஆகாமல் போகலாம். மறுபடி திறக்க கம்பெனியின் அனுமதி, காத்திருப்பு என்று இழுக்கும். சீனாவில் விற்பதற்கான போனில் வேறு நாட்டுப் பதிப்பை ஏற்றிப் பூட்டினாலும் இதே கதிதான். மகனுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இருந்தால் அவரே செய்யலாம். கடையில் கொடுத்தால் இந்த வரிசையை எழுதிக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து செய்துவாங்குங்கள்.

சாம்சங் டேப்லெட்டில் இதே சிக்கல் உள்ளவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஓடின் கருவியால் ரூட்டை நீக்கலாம், ஆனால் பூட்லோடரைத் திறந்து வேறு சாஃப்ட்வேர் ஏற்றியபோது எரிந்த நாக்ஸ் ஃபியூஸ் (மாற்றம் நடந்ததைப் பதிந்து வைக்கும் பாதுகாப்புக் குறி) திரும்பாது. ரகசிய ஃபைல்களைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் இனி அதில் ஓடாது.

வேலை முடிந்ததும் பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியைத் திறந்து, போன் சர்ட்டிஃபைட் என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால், பேங்க்கில் பதிவான சிம்மைப் போட்டு, எஸ்எம்எஸ் அனுப்பும் அளவுக்கு பேலன்ஸ் வைத்துக்கொண்டு, பேங்க் ஆப்பைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.