கரியை 'வெறும்' என்று சொல்லலாமா?

கேள்வி: ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் பள்ளியில் படித்தோம். வெறும் கரித்தூளைக் கலந்தால் மட்டும் அது எப்படிக் கடத்துகிறது? இழுத்தாலும் அமுக்கினாலும் அதன் மின்தடை மாறுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மாறும். பெரும்பாலும் இழுத்தால் கூடும், அமுக்கினால் குறையும். ஆனால் தங்கள் கேள்வியிலுள்ள 'வெறும்' என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய நம் சமூகம், அந்தப் பாலுக்குள் நடக்கும் அறிவியலை ஏறெடுத்துப் பார்க்கவில்லையே என்ற ஆதங்கத்தை இப்பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன்.

கரித்துகள்கள் கொஞ்சமாக இருக்கும்வரை ரப்பருக்குள் தனித்தனியே கிடக்கும். ஓர் அளவைத் தாண்டியதும், ஒன்றையொன்று தொட்டும், தொடாமலே சில நானோமீட்டர் தொலைவுக்குள் நெருங்கியும், இம்முனையிலிருந்து அம்முனைவரை சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். அந்த எல்லையில் கடத்துதிறன் பல்லாயிரம் மடங்கு தாவுகிறது. தொடாத துகள்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய ரப்பரையும் எலெக்ட்ரான் ஊடுருவிவிடும் என்றாலும், அந்த இடைவெளி மயிரிழை அகன்றாலே பாதை அடைபட்டுவிடும்.

செம்பு, இரும்புக் கம்பிகளை இழுத்தால் மின்தடை கூடுவதை 1856-இலேயே கெல்வின் பிரபு காட்டினார். அது மிகச் சிறிய மாற்றம். ரப்பரின் கதை வேறு. அதன் கன அளவு ஏறத்தாழ மாறாது என்பதால், 10 சென்டிமீட்டர் பட்டையை 20 சென்டிமீட்டராக இழுத்தால் குறுக்குப் பரப்பு பாதியாகி, வடிவ மாற்றத்தால் மட்டுமே மின்தடை 4 மடங்காகும். அதற்கு மேல் மீட்டர் காட்டும் ஏற்றம் முழுவதும் சங்கிலிகள் அறுந்ததன் விளைவு. மிக அதிகமாக இழுக்கும்போது துகள்கள் இழுத்த திசையில் வரிசைப்பட்டு, மின்தடை மீண்டும் இறங்குவதும் உண்டு.

மின்னணுச் சில்லுகளின் கால்களைக் குத்தி விற்கும் கரி கலந்த கருப்பு நுரைப்பஞ்சை இரண்டு ஐம்பது சென் காசுகளுக்கு நடுவே வைத்து, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை இணைத்து விரலால் அமுக்குங்கள்; எண் சரசரவென்று இறங்கும். காசும் பஞ்சும் இறுகப் பொருந்துவதாலும் அது ஓரளவு இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். கையை எடுத்தவுடன் பழைய எண் திரும்பிவிடாது; பஞ்சு தளர்ந்து, துகள்கள் தத்தம் இடத்துக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். ஆகவே, கையை எடுத்த கணத்தில் கண்ட அளவையும் ஐந்து நிமிடம் கழித்துக் கண்ட அளவையும் தனித்தனியே குறித்து எனக்கு அனுப்புங்கள்.